தாத்தா போட்ட உரம். பேரன் குடிக்கும் தண்ணீர்

பெங்களூரின் புறநகர் ஒன்றில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் போர்வெல் இருக்கிறது. தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை, நிறம் இல்லை. பருப்பும் நன்றாக வேகிறது. இதைவிட நல்ல தண்ணீர் வேறென்ன வேண்டும் என்று குடும்பமே திருப்தியாக இருக்கிறது. ஒரு நாள், யாரோ சொன்னதன் பேரில், ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். "நைட்ரேட் அளவுக்கு மேல் உள்ளது, குடிக்கத் தகுதியற்றது" என்று பதில் வருகிறது.

வீட்டுக்காரருக்கு வியப்பு. "பக்கத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லையே! கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்கூட இல்லையே! இந்த நைட்ரேட் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்.

அவருடைய வீடு நிற்கும் இடம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு காய்கறித் தோட்டமாக இருந்திருக்கலாம். அடுத்த தெரு அன்று ஒரு கிராமமாக இருந்திருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்திருக்கும். தோட்டம் போய்விட்டது, கிராமம் நகரத்தில் கரைந்துவிட்டது. ஆனால் அந்தத் தோட்டத்தில் போட்ட உரமும், அந்தக் குழிகளில் இறங்கிய கழிவும் எங்கும் போய்விடவில்லை. பூமிக்கடியில் மெல்ல மெல்ல நடந்து, இன்றுதான் அவருடைய குழாய்க்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நைட்ரேட் விஷயத்தில் மக்களும் அரசாங்கங்களும் மறந்துவிடும் உண்மை இதுதான். செய்த தவறு உடனே தெரிவதில்லை. செய்த திருத்தமும் உடனே தெரிவதில்லை. இடையில் பத்து, இருபது, சில இடங்களில் ஐம்பது ஆண்டுகள்கூட ஓடிவிடுகின்றன. தவறு உடனே தெரியாததால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். திருத்தம் உடனே தெரியாததால் "பயனில்லையே" என்று கைவிட்டுவிடுகிறோம். இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையில் தண்ணீர் கெட்டுக்கொண்டே போகிறது.

நைட்ரேட் எப்படி உண்டாகிறது?

நைட்ரேட் என்பது நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு பொருள். பயிருக்கு அது உணவு. அது இல்லாமல் விளைச்சல் இல்லை. வயலில் யூரியாவைத் தூவினால், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களில் அதை அம்மோனியமாக மாற்றுகின்றன. சில வாரங்களில் அம்மோனியம் நைட்ரேட்டாகிவிடுகிறது. மாட்டுச் சாணத்திலும் மனிதக் கழிவிலும் உள்ள நைட்ரஜனும் கடைசியில் இதே வழியில்தான் போகிறது. மண்ணுக்கு வந்து சேர்ந்த பிறகு யூரியா என்றும் கழிவு என்றும் வித்தியாசம் இல்லை.

அம்மோனியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட் ஒட்டாது. சர்க்கரை கரைவதுபோல் தண்ணீரில் முழுவதும் கரைந்து, மழைநீரோடும் பாசன நீரோடும் கீழே இறங்கிவிடும். பயிரின் வேர் எட்டும் ஆழத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. காற்றே புகாத இடங்களில் மட்டும் ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜன் வாயுவாக்கி, காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. சேறும் சதுப்புமான இடங்களில் இது நடக்கும். காற்றோட்டமான மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் நடப்பது குறைவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 4.4 கிலோ நைட்ரேட் கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அப்படியானால், ஒரே ஒரு கிலோ நைட்ரஜன், ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 20 கிலோ நைட்ரஜன். அதில் கால் பங்கு வேருக்குக் கீழே தப்பிப்போனால்கூட ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீர் எல்லையில் வந்து நிற்கும். ஒரு மனிதனுடைய கழிவில் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டின் மலக்குழியில் ஓராண்டில் சேருவது, கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவில் உள்ள நைட்ரஜன்!

பூமிக்கடியில் ஆமை நடை

இந்தத் தாமதத்தை முதலில் நன்கு கண்டவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். இரண்டாவது உலகப் போரின்போது, உணவுப் பஞ்சம் வரக் கூடாது என்று அங்கே பழைய புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். புல்வெளி மண்ணில் காலங்காலமாகத் தங்கியிருந்த நைட்ரஜன் கிளம்பியது. போருக்குப் பிறகு ரசாயன உரமும் சேர்ந்துகொண்டது. தென் இங்கிலாந்தின் குடிநீரில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. கிணறுகளில் அப்போது பெரிய மாறுதல் எதுவும் இல்லை.

1970-களில் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாறையைத் துளைபோட்டு, குழல் குழலாக எடுத்துப் பார்த்தார்கள். கிணற்று நீர் மட்டத்துக்கு மேலே, ஈரப் பாறையில், நைட்ரேட் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது. மரத்தில் வயது வளையம் இருப்பதுபோல், எந்த ஆண்டில் எவ்வளவு உரம் போட்டார்கள் என்பதைப் பாறையே எழுதி வைத்திருந்தது. அந்த நைட்ரேட் கீழே இறங்கும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். தண்ணீர் மட்டம் 40 மீட்டர் ஆழத்தில் இருந்தால், இன்று போட்ட உரம் கிணற்றைத் தொட 40 ஆண்டுகள்! பிரிட்டனில் உரப் பயன்பாடு 1980-களில் உச்சத்தை எட்டிப் பிறகு குறைந்தது. ஆனால் பாறை கனமாக உள்ள இடங்களில், தண்ணீரில் நைட்ரேட்டின் உச்சம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வரும் என்று பிரிட்டிஷ் நிலவியல் துறையினர் 2012-ம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னார்கள். "நைட்ரேட் வெடிகுண்டு" என்றே இதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. திரி பற்றவைத்தவர் ஒருவர்; வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் வேறொருவர்.

பிரான்சில் நடந்த ஒரு சோதனை இதைவிடச் சுவையானது. 1982-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு சிறு நிலத்தில் அடையாளம் வைத்த நைட்ரஜனை ஒரே ஒரு முறை உரமாகப் போட்டார்கள். சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான அணுக்கள் கொண்டது அது. எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். மூன்று பத்தாண்டுகள் காத்திருந்து 2013-ல் கணக்கை வெளியிட்டார்கள். பயிர்கள் எடுத்துக்கொண்டது 61 முதல் 65 சதவிகிதம். கீழே தண்ணீரை நோக்கிக் கசிந்தது 8 முதல் 12 சதவிகிதம். மீதியில் 12 முதல் 15 சதவிகிதம் அப்போதும் மண்ணிலேயே தங்கி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் ஐம்பது ஆண்டுகளாவது இந்தக் கசிவு நீடிக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு நாள் போட்ட உரத்துக்கு எண்பது ஆண்டுக் கணக்கு!

நமது பாறை வேறு. நமது பிரச்னையும் வேறு

பெங்களூர், கோலார், தும்கூர் வட்டாரங்களில் சுண்ணாம்புப் பாறை இல்லை. இங்கே இருப்பது கருங்கல்லும் அதைச் சேர்ந்த கடும் பாறையும். மேலே சிவந்த மண். அதன் கீழே மக்கிப்போன பாறை. அதற்கும் கீழே விரிசல் விட்ட கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது அந்த மக்கிய அடுக்கிலும் விரிசல்களிலும்தான்.

இங்கே நைட்ரேட் இரண்டு வேகத்தில் பயணம் செய்கிறது. விரிசல் வழியாகப் போனால் வெகு சீக்கிரம். ஒரு நல்ல மழையிலேயே மலக்குழித் தண்ணீர் பக்கத்து போர்வெல்லில் போய்ச் சேரலாம். மக்கிய பாறையின் நுண்ணிய துளைகள் வழியாகப் போனால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு போர்வெல்லிலிருந்து வரும் தண்ணீர் ஒரே வயதுடையது அல்ல. அது ஒரு கூட்டுக் குடும்பம். போன மாத மழையின் தண்ணீரும், தாத்தா காலத்துத் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. நிலத்தடி நீர் மட்டம் கீழே போகும்போது, அந்த நீரில் இருந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி மேல் அடுக்கின் ஈரத்தில் தங்கிவிடுகிறது. வறட்சிக் காலம் முழுவதும் மேலிருந்து வரும் புதிய சரக்கும் அங்கே சேர்கிறது. நல்ல மழை பெய்து மட்டம் மறுபடி உயரும்போது, அத்தனையும் கரைந்து கிணற்றுக்கு வருகிறது. மழை பெய்தால் தண்ணீர் நீர்த்துச் சுத்தமாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். நைட்ரேட் விஷயத்தில் எப்போதும் அப்படி நடப்பதில்லை.

பெங்களூரின் வளர்ச்சிக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974-ம் ஆண்டில் காவிரித் தண்ணீர் முதன்முதலாக நகருக்கு வந்தது. ஆனால் நகரம் குழாயைவிட வேகமாக ஓடியது. 2007-ல் மாநகராட்சியோடு 110 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. அங்கே அடுக்கு மாடிகள் எழுந்தன. காவிரியும் வரவில்லை, பாதாளச் சாக்கடையும் வரவில்லை. ஒரே மனையில் ஒரு மூலையில் போர்வெல், மறு மூலையில் செப்டிக் டாங்க் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காலம் தள்ளின. அந்தப் பகுதிகளுக்கென்று காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

காவிரி வந்துவிட்டதால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. குழாயில் தண்ணீர் குறைந்த அன்று மறுபடி போர்வெல்லையும் டாங்கர் லாரியையும்தான் நாடுகிறோம். டாங்கர் லாரி கொண்டுவருவதும் பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வெல் தண்ணீரே. அதுவும் தவிர, தண்ணீர் தாராளமாக வந்தால் கழிவுநீரும் தாராளமாகும். பாதாளச் சாக்கடை பின்தங்கினால், நல்ல தண்ணீர் வந்ததே நைட்ரேட்டைக் கீழே தள்ளும் வேலையைச் செய்யும்.

45 என்ற எண்ணின் கதை

1945-ம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பண்ணை வீடுகளிலிருந்து வந்த சில பச்சைக் குழந்தைகளின் உதடும் உடம்பும் நீலம் பூத்திருந்தன. இதயத்தில் கோளாறு இல்லை. விசாரித்ததில், கிணற்றுத் தண்ணீரில் கலந்த புட்டிப்பால் குடித்த குழந்தைகள் அவை என்று தெரிந்தது. அந்தக் கிணறுகளில் நைட்ரேட் ஏராளமாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே நுண்ணுயிர்கள் பெருகி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் கலந்து, ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத பொருளாக்கிவிடுகிறது. மூச்சு இழுத்தும் உடலுக்குக் காற்று கிடைக்காத நிலை இது. உடனே வைத்தியம் செய்தால் பிழைக்கலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அதன் பிறகு அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் குறைந்த தண்ணீரால் நோய் கண்டதாகத் தெரியவில்லை. அதுவே எல்லையாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ம் ஆண்டு வெளியிட்ட விதியில் 45 என்றிருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டாலும் அதற்கு மேல் சலுகை இல்லை என்றும் சொல்லியிருக்கிறது.

"நாங்கள் பெரியவர்கள், இருபது வருஷமாக இதைத்தான் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. நீல நோய் பெரியவர்களைப் பொதுவாகத் தாக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உடம்பிலும் ஒரு தாமதக் கணக்கு இருக்கலாம் என்று இப்போது சந்தேகம் எழுந்திருக்கிறது. டென்மார்க்கில் 27 லட்சம் பேருடைய குடிநீர் விவரங்களையும் நோய் விவரங்களையும் நீண்ட காலத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லைக்கு மிகக் குறைவான அளவிலேயே, நைட்ரேட் சற்றுக் கூடுதலாக உள்ள தண்ணீரைக் குடித்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் ஓரளவு அதிகமாகக் காணப்பட்டது. நைட்ரேட்தான் காரணம் என்று இது முடிவாக நிரூபித்துவிடவில்லை. ஆனால் 45 என்ற எண் பச்சைக் குழந்தையின் நீல நோயை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட கோடு என்பதை நாம் மறக்கக் கூடாது.

கணக்கெடுப்பு சொல்வது

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023-ல் நாடெங்கும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. 2024 முடிவில் வெளிவந்த அதன் அறிக்கைப்படி, ஐந்தில் ஒரு பங்கு மாதிரிகளில் நைட்ரேட் எல்லையைத் தாண்டியிருக்கிறது. ராஜஸ்தானில் 49 சதவிகிதம்; அடுத்தபடியாக நாம் வாழும் கர்நாடகத்தில் 48 சதவிகிதம்; மூன்றாவதாக நம் தாய்த் தமிழ்நாட்டில் 37 சதவிகிதம். ஆக, விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் இந்தப் பிரச்னை கூடவே வருகிறது!

2017-ல் 359 மாவட்டங்களில் நைட்ரேட் எல்லையைத் தாண்டிய இடங்கள் காணப்பட்டன. 2023-ல் அது 440 ஆகியது. சோதித்த இடங்கள் கூடியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஒரு செய்தி மறுக்க முடியாதது. 1960-61-ல் நம் நாட்டு விவசாயம் பயன்படுத்திய நைட்ரஜன் சுமார் 2 லட்சம் டன். 2020-21-ல் சுமார் 2 கோடி டன். அறுபது ஆண்டுகளில் நூறு மடங்கு! அந்த உரம்தான் நாட்டின் பசியைத் தீர்த்தது. அந்த நன்றியை மறக்க வேண்டாம். ஆனால் போட்டதில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போகவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். இன்று கிணறுகளில் காண்பது, அந்த அறுபது ஆண்டுக் கடனுக்கு வந்திருக்கும் முதல் தவணையாகவே இருக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. ஆலைக் குழாயிலிருந்து கழிவு வெளிவந்தால் அதைப் பிடிக்கலாம். நகராட்சிச் சாக்கடையையும் கேள்வி கேட்கலாம். லட்சக்கணக்கான வயல்களிலிருந்தும் வீட்டுக் குழிகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் நைட்ரேட்டை யாரிடம் கேட்பது? இருபது ஆண்டுகளுக்கு முன் நிலத்தை விற்றுவிட்டுப் போன விவசாயியைத் தேடிப் பிடித்து அபராதம் போட முடியுமா?

உரக் கொள்கையும் எதிர்த் திசையில்தான் இழுத்தது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவுக்கு மட்டும் நீடித்தது. 2010-ல் சத்துக்கு ஏற்ற மானியம் என்ற புதிய முறை வந்தபோதும் யூரியா அதில் சேரவில்லை. மற்றவை விலை ஏற, யூரியா மலிவாகவே இருக்க, விவசாயி எதை அள்ளிப் போடுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியம். வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாகும் வேகத்தைக் குறைக்கிறது. யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து போடுவது நம் ஊர் விவசாயிகளுக்குப் பழகிய முறைதானே! 2018-ல் 50 கிலோ மூட்டை 45 கிலோவாக்கப்பட்டது. மூட்டைக் கணக்கில் போடுகிறவர் கொஞ்சம் குறைவாகப் போடட்டும் என்பது எண்ணம்.

கழிவுநீர் விஷயத்திலும் இதே தடுமாற்றம். சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியாகும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் இருந்தது. 2017-ல் வந்த இறுதி அறிவிப்பில் நைட்ரஜன் என்ற வரியே காணாமல் போயிற்று. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கடுமையான அளவுகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இது நமக்குத் தொலைவான விஷயம் அல்ல. 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா - செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்டு, கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். வறண்டு கிடந்த ஏரிகளில் தண்ணீர் வந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் மட்டம் உயர்ந்ததாக ஆய்வாளர்களும் கண்டார்கள். கோலார் மக்களுக்கு இது பெரிய நன்மை. ஆனால் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதுமா, மூன்றாம் கட்டமும் வேண்டுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2019 ஜனவரியில் தடை; ஏப்ரலில் தடை நீக்கம். ஒன்று மட்டும் நிச்சயம். அந்த நீரில் உள்ள நைட்ரஜன் கோலார்க் கிணறுகளில் என்ன செய்யும் என்பதற்கு ஓரிரு ஆண்டுப் பரிசோதனை முழுப் பதில் ஆகாது. ஏரிக்கரைகளில் நிரந்தரக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து, இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பதிவு செய்தால்தான் தெரியும்.

டென்மார்க் காட்டிய பொறுமை

விஷயம் கைமீறிவிட்டதா? இல்லை. டென்மார்க் ஒரு நல்ல பாடம். அந்த நாட்டின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் பூமிக்கடியிலிருந்து வருவது. 1987-ல் அங்கே ஒரு தேசியத் திட்டம் போட்டார்கள். வயல்களிலிருந்து கசியும் நைட்ரஜனை ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும் என்பது குறி. ஒவ்வொரு பண்ணையும் உரக் கணக்கு எழுத வேண்டும். மாட்டு எருவை நினைத்த காலத்தில் கொட்டக் கூடாது. அறுவடைக்குப் பிறகு நிலத்தைச் சும்மா விடாமல் மூடுபயிர் போட வேண்டும் என்று விதிகள் வந்தன. ஐந்தாறு ஆண்டில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். குறியை எட்டப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அவர்கள் கைவிடவில்லை. காரணம், சரியான இடத்தில் அளந்தார்கள். கிணற்றை மட்டும் பார்க்கவில்லை. வேருக்குக் கீழே எவ்வளவு கசிகிறது என்று பார்த்தார்கள். நிலத்தடி நீரின் வயதையும் கண்டறிந்தார்கள். காற்றில் கலந்த குளிர்சாதன வாயுக்கள் எந்த ஆண்டில் எவ்வளவு இருந்தன என்பது தெரியும். தண்ணீரில் அவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று பார்த்தால், அது எந்த ஆண்டு மழை என்று சொல்லிவிடலாம். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, திட்டங்களுக்குப் பிறகு பூமிக்குள் இறங்கிய இளம் தண்ணீரில் நைட்ரேட் குறைந்திருந்தது. பழைய தண்ணீரில்தான் அதிகமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பார்த்திருந்தால், "திட்டம் தோல்வி" என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

நமக்கு இதிலிருந்து தெரிவது என்ன? இன்று ஒரு நகராட்சி பாதாளச் சாக்கடை போட்டு மலக்குழிகளை மூடினால், அடுத்த ஆண்டே அந்தத் தெரு போர்வெல்லில் நைட்ரேட் குறையவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எத்தனை வீடுகள் இணைக்கப்பட்டன, ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ உரம் குறைந்தது, மண்ணில் எவ்வளவு நைட்ரேட் மிச்சமிருக்கிறது என்று மேலே அளக்க வேண்டும். கீழே அளந்துகொண்டு பொறுத்திருக்க வேண்டும். தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. பட்ஜெட் ஓராண்டுக்கு ஒரு முறை. பாறைக்கு அந்தக் காலண்டர் தெரியாது.

வீட்டில் செய்யவேண்டியவை

போர்வெல் அல்லது டாங்கர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, மழைக்கு முன்பும் பின்பும் பார்த்தால் இன்னும் நல்லது, நைட்ரேட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணாலும் நாக்காலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பது தவறு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே தங்கி, அளவு இன்னும் ஏறும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும், புற ஊதா விளக்கும், குளோரினும் கிருமியைக் கொல்லலாம், நைட்ரேட்டைத் தொடாது. ஆர்.ஓ. எந்திரம் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அதன் சவ்வை ஒழுங்காக மாற்ற வேண்டும். அது வெளியே தள்ளும் கழிவு நீரில் நைட்ரேட் அடர்த்தியாக இருக்கும். அதைப் போர்வெல் பக்கத்துக் குழியில் விட்டால், ஒரு கையால் எடுத்து மறு கையால் போட்டதுபோல்தான்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்த காப்பு. புட்டிப்பால் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சோதித்துப் பார்த்த தண்ணீரில் மட்டுமே கலக்க வேண்டும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூத்தால் நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பாதாளச் சாக்கடை தெருவுக்கு வந்தும் இணைப்பு வாங்காமல் பழைய குழியிலேயே விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கட்டணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கான பில், பிறகு பேரக் குழந்தைகளின் பெயரில் வரும்.

பெங்களூரின் கழிவு பெங்களூரோடு நின்றுவிடுவதும் இல்லை. ஒரு பக்கம் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. மறு பக்கம் தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. நாம் இங்கே விடுவதை ஊரில் நம் உறவினர்கள் அங்கே பார்க்கிறார்கள்.

நம் தாத்தாக்கள் தெரியாமல் செய்தார்கள். உரம் போட்டால் விளையும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழி வெட்டினால் கழிவு மறைந்துவிடும் என்று நம்பினார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. நமக்கு எல்லாம் தெரியும். இன்று நாம் பூமிக்குள் இறக்குவது எங்கே, எத்தனை ஆண்டில் போய்ச் சேரும் என்பதுகூடத் தெரியும். ஆகவே, நம்முடைய பேரன் அதே போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போகும்போது, "பாவம், அவர்களுக்குத் தெரியாது" என்று நமக்காகச் சொல்ல மாட்டான்.